கணக்கேட்டில் இல்லாத பெயர்கள்

(நவம்பர் மாதத்தில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)

 

நவம்பர் மாதம் நம் இறந்தோரின் மாதம். கல்லறைகளில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றிவிட்டோம். குருவானவரும் வந்து கல்லறைகளை மந்திரித்துவிட்டுப் போயிருப்பார். இந்த நாட்களில் பங்கு அலுவலகங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழும். "சாமி, எங்க தாத்தாவோட அப்பா பேரு பழைய புத்தகத்துல இருக்குமா? பாத்துச் சொல்றீங்களா?" வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகள் கேட்டிருப்பார்கள், அல்லது வீட்டில் யாராவது குடும்ப மரம் வரைந்துகொண்டிருப்பார்கள். நல்ல ஆசைதான். இந்த ஆசை நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை இன்று கொஞ்சம் சிந்திப்போம்.

அரசு எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடினால் கிடைக்காதா என்று சிலர் நினைக்கலாம். நம் நாட்டில் 1872-இல் முதல் முயற்சி நடந்தது; 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கு எடுத்தார்கள். ஆனால் அதிலிருந்து நமக்குக் கிடைப்பவை எண்கள்தாம். இந்த ஊரில் இத்தனை வீடு, இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை பேருக்கு எழுத்தறிவு. வீட்டில் இருந்தவர்களின் விவரம் எழுதிய தாளை நாம் கேட்டுப் பார்க்க முடியாது. 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. வேறு சில நாடுகளில் நிலைமை வேறு. இங்கிலாந்தில் 100 ஆண்டுகளும் அமெரிக்காவில் 72 ஆண்டுகளும் கழிந்த பிறகு, வீடு வீடாக எழுதிய அந்தத் தாள்களையே பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடுகிறார்கள். அங்கெல்லாம் இலட்சக்கணக்கானோர் தங்கள் பாட்டன் பூட்டனை அந்தத் தாள்களில்தான் தேடுகிறார்கள்.

இவற்றில் அயர்லாந்து நாட்டின் கதை நாம் கேட்க வேண்டிய ஒன்று. நமக்கு அந்நியமான நாடும் அல்ல. 1842-இல் கடல் கடந்து சென்னைக்கு வந்து சிறுமிகளுக்குப் பள்ளி தொடங்கிய பிரசன்டேஷன் அருள்சகோதரிகள் அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள்தாம்.

1911-ஆம் ஆண்டு, ஏப்ரல் 2. தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அந்த இரவு அயர்லாந்தில் ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் தங்கியிருந்தார்களோ அவர்கள் எல்லாரையும் ஒரு தாளில் எழுத வேண்டும். தாளைக் கொண்டுவந்து கொடுப்பவரும் திரும்ப வாங்கிப் போகிறவரும் காவல்துறையினர். பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, வயது, தொழில், பிறந்த இடம், ஐரிஷ் மொழி பேசுவாரா என்று கட்டம் கட்டமாகக் கேள்விகள். கடைசியில் குடும்பத் தலைவரின் கையொப்பம். எழுதத் தெரியாதவர் ஒரு சிலுவைக் குறி போடுவார். காவலர் பக்கத்தில் சாட்சி எழுதுவார். இந்தத் தாள்களும் 1901-ஆம் ஆண்டின் தாள்களும் இன்று இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கும்படி கிடைக்கின்றன. தன் கொள்ளுத் தாத்தா போட்ட சிலுவைக் குறியை ஒருவர் நூறாண்டு கழித்து நியூயார்க்கிலோ சிட்னியிலோ உட்கார்ந்து பார்க்க முடிகிறது.

1911-இல் அரசு ஒரு புதுக் கேள்வியைச் சேர்த்தது. மணமான பெண்களிடம் கேட்ட கேள்வி அது. திருமணமாகி எத்தனை ஆண்டு? உயிருடன் பிறந்த பிள்ளைகள் எத்தனை? அவர்களுள் இன்று உயிருடன் இருப்பவர் எத்தனை?

அரசுக்கு இது மக்கள்தொகை ஆராய்ச்சி. ஆனால் அந்தக் கட்டத்தில் 9 என்றும் அடுத்த கட்டத்தில் 5 என்றும் எழுதியிருப்பதை ஒரு கொள்ளுப்பேத்தி பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1901-ஆம் ஆண்டுத் தாளை எடுத்து அதில் இருக்கும் பிள்ளைகளை எண்ணுவாள். இங்கே இருந்து அங்கே இல்லாதவர்கள் யார்? சிலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறியிருப்பார்கள். சிலர் வேறு வீட்டில் வேலைக்குப் போயிருப்பார்கள். ஆனால் 1901-க்கும் 1911-க்கும் நடுவில் பிறந்து நடுவிலேயே இறந்துபோன குழந்தை இரண்டு தாளிலும் இராது. தாய் சொன்ன அந்த எண்ணுக்குள் மட்டும் இருக்கும். கணக்கெடுப்பு நாளில் வீட்டில் இல்லாத பிள்ளையையும் தாய் கணக்கில் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கேள்வி கணவன் உயிரோடு இருக்கும் பெண்களுக்கு மட்டுமே உரியது. கைம்பெண்கள் பதில் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் எத்தனையோ கைம்பெண்களின் வரியில் பதில் எழுதப்பட்டிருக்கிறது. அதிகாரிகள், தேவையில்லாத விவரம் என்று அதன்மேல் கோடு போட்டு அடித்திருக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே அந்த எண்ணை இன்றும் வாசிக்க முடிகிறது. கேட்காதபோதும் சொன்னார்கள் அந்தத் தாய்மார்கள். பெற்ற பிள்ளையின் கணக்கு யாராவது கேட்டால்தானா வரும்?

சரி, 1901-க்கு முந்தைய கணக்குகள் என்னவாயின? 1821 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை அங்கே கணக்கெடுத்தார்கள். 1861, 1871 ஆண்டுகளின் தாள்களை அரசே கொஞ்ச காலத்தில் அழித்துவிட்டது. 1881, 1891 ஆண்டுகளின் தாள்கள் முதல் உலகப்போர் நாட்களில் காகிதக் கூழாக்கப்பட்டன. மீதி இருந்தவை 1821 முதல் 1851 வரையிலான நான்கு. அவற்றுள் 1841, 1851 ஆண்டுகளின் தாள்களில் வீட்டில் இருந்தவர்களின் பெயர்கள் மட்டும் இருக்கவில்லை. வெளியே போயிருந்தவர்களுக்கு ஒரு பட்டியல். முந்தைய பத்தாண்டுகளில் அந்தக் குடும்பத்தில் இறந்தவர்களுக்கு இன்னொரு பட்டியல்.

1841-க்கும் 1851-க்கும் இடையே அயர்லாந்தில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழை வீடுகளுக்கு அதுதான் சோறு. பஞ்சத்திலும் அதோடு வந்த காய்ச்சலிலும் ஏறக்குறைய 10 லட்சம் பேர் மடிந்தார்கள். அதற்குக் குறையாதவர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். 1841-இல் ஏறக்குறைய 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851-இல் 65 லட்சத்து 50 ஆயிரமாகக் குறைந்தது. குடும்பத்தில் பெயர் சொல்ல ஒருவராவது மிஞ்சிய வீடுகளில், அந்தப் பஞ்சத்தில் செத்தவர்களின் பெயர்கள் 1851-ஆம் ஆண்டுத் தாளில் எழுதப்பட்டன. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நகரில் ஆவணக் காப்பகம் இருந்த வளாகம் வெடித்துத் தீப்பற்றியபோது, ஏழு நூற்றாண்டு ஆவணங்களோடு அவையும் எரிந்துபோயின. மிஞ்சியவை சில கிழிசல்கள்.

ஆனால் அந்த எரிந்த ஏட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களின் விவரம் இன்றும் கிடைக்கிறது. எப்படி என்று கேளுங்கள். 1908-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 70 வயது ஆனவர்களுக்கு, 1909 ஜனவரி முதல், வாரம் 5 ஷில்லிங் வரை. வயதுக்குச் சான்று வேண்டுமே! அயர்லாந்தில் கத்தோலிக்கரின் பிறப்பை அரசு பதிவு செய்யத் தொடங்கியதே 1864-இல்தான். 1839-இல் பிறந்த ஏழைக் கிழவியிடம் என்ன சான்று இருக்கும்? ஆகவே அவர் விண்ணப்பம் எழுதுவார், அல்லது எழுதச் சொல்வார்: என் அப்பா பேர் இது, அம்மா பேர் இது, எங்கள் ஊர் இது, 1851-ஆம் ஆண்டுக் கணக்கில் என் பெயர் இருக்கிறதா பாருங்கள். டப்ளினில் ஓர் எழுத்தர் ஏட்டைப் புரட்டிப் பார்த்து, கண்டதை ஒரு படிவத்தில் குறிப்பார். சில நேரம் முழுக் குடும்பத்தையும் குறித்துவைப்பார். பல நேரம் 'கிடைக்கவில்லை' என்று எழுதுவார். ஏடு எரிந்தது, இந்தத் தேடல் படிவங்கள் தப்பின. இன்று அவற்றைக் கொண்டுதான் பல குடும்பங்கள் பஞ்சக் காலத்துக்கு முந்தைய தங்கள் முன்னோரைக் காண்கின்றன. பெரிய மனிதர்கள் தங்கள் பரம்பரையைக் காப்பாற்ற எடுத்துவைத்த நகல்கள் அல்ல இவை. வாரம் 5 ஷில்லிங் கிடைத்தால் அடுப்பு எரியும் என்று நம்பிய கிழவன் கிழவிகள் போட்ட மனுக்கள். கோயில் பெட்டியில் இரண்டு காசு போட்ட கைம்பெண்ணை ஆண்டவர் கவனித்தார் என்று லூக்கா எழுதுகிறாரே, அவள் நினைவு நமக்கு வருகிறது.

ஒரு சிரிப்பான செய்தியும் உண்டு. 1901-ஆம் ஆண்டுத் தாளில் 55 வயது என்று இருப்பவர், 1911-இல் 70 என்று இருப்பார். பத்தாண்டில் பதினைந்து வயது! ஓய்வூதியத்துக்காகப் பொய் சொன்னார்கள் என்று உடனே சொல்லிவிட வேண்டாம். பலருக்குத் தங்கள் வயது உண்மையிலேயே தெரியாது. நம் ஊர்களில் "பெரிய புயல் அடிச்ச வருசம் பொறந்தவன்" என்று சொல்வதில்லையா? அதுபோலத்தான் அங்கேயும். சிலர் தெரிந்தே கூட்டியும் இருப்பார்கள். பசித்த வயிறு கூட்டிய அந்த ஐந்து வயதுக்கு ஆண்டவர் என்ன தீர்ப்பு வழங்கியிருப்பார் என்பதை அவரிடமே விட்டுவிடுவோம்.

அரசின் ஏடு எரிந்துபோன பிறகு, அங்கே குடும்பங்களுக்குக் கைகொடுப்பவை பங்குகளின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள். கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் நீண்ட காலம் இருந்த நாடு. ஆகவே நாட்டுப்புறப் பங்குகள் பலவற்றில் 1820-களில்தான் பதிவேடு ஒழுங்காகத் தொடங்குகிறது. அயர்லாந்து தேசிய நூலகம் 2015-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் பதிவேட்டுப் பக்கங்களை, 3,70,000-க்கும் கூடுதலான படங்களாக, இணையத்தில் இலவசமாக வைத்தது. குதிரைமேல் வீடு வீடாகப் போய்த் திருமுழுக்குக் கொடுத்து, சேறு படிந்த கையோடு மெழுகுதிரி வெளிச்சத்தில் கிறுக்கிய குருவானவர்களின் கையெழுத்துதான் இன்று ஓர் இனத்தின் நினைவு. (பங்குத்தந்தையர் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், பதிவேட்டைத் திருத்தமான கையெழுத்தில் எழுதும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.)

அந்தப் பதிவேடுகளில் தேடுகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது பெயரில். வீட்டில் ஜேம்ஸ், ஏட்டில் இலத்தீனில் யாக்கோபுஸ். வீட்டில் வில்லியம், ஏட்டில் குலியெல்முஸ். நமக்கு இது புதிதல்ல. ஜோசப்பைத் தேடுகிறவர்கள் சூசை என்று பார்க்க வேண்டும். பீட்டர் ராயப்பனாக இருப்பார், பால் சின்னப்பனாக, ஜான் அருளப்பனாக, சேவியர் சவரிமுத்துவாக இருப்பார்கள். ஒரே ஊரில் ஒரே காலத்தில் ஐந்து சவரிமுத்து இருந்தால் எந்தச் சவரிமுத்து நம் தாத்தா? ஞானப்பெற்றோர் யார் என்று பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். ஞானத்தாய் என்று கையைப் பிடித்து நின்ற யாரோ ஒரு பெண், நூறாண்டு கழித்தும் அந்தக் குழந்தைக்கு அடையாளம் காட்டுகிறாள்.

ஆனால் நம் பதிவேட்டிலும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். தாய் சொன்ன 9-க்கும் 5-க்கும் இடையில் நான்கு பேர். அவர்களுள் திருமுழுக்குப் பெற்ற பின் இறந்தவர்களின் பெயர் ஏட்டில் இருக்கும். திருமுழுக்குக்கு முன்பே இறந்த குழந்தை? அயர்லாந்தில் அத்தகைய குழந்தைகளைக் கோயில் கல்லறையில் புதைக்க விடவில்லை. வயல் ஓரங்களிலும், கைவிடப்பட்ட பழைய ஆலய இடிபாடுகளிலும், கடற்கரையிலும் அவர்களுக்கென்று தனி இடங்கள் இருந்தன. தகப்பன் பெரும்பாலும் இருட்டில் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வருவார். பெயர் பொறித்த கல் கிடையாது; வெறும் கருங்கல் ஒன்று கிடக்கும். அரசின் ஏட்டிலும் இல்லை, திருச்சபையின் ஏட்டிலும் இல்லை. 2007-இல் அனைத்துலக இறையியல் ஆணைக்குழு வெளியிட்ட ஆவணம், திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று எதிர்நோக்குவதற்கு நமக்கு உறுதியான காரணங்கள் உண்டு என்கிறது. பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்து அதற்குள் இறந்த குழந்தைக்கு, ஆயரின் அனுமதியோடு திருச்சபை முறைப்படி அடக்கச் சடங்கு நடத்தலாம் என்று இன்றைய திருச்சபைச் சட்டமும் சொல்கிறது. நல்லது. ஆனால் அந்தத் தகப்பன்மார் இருட்டில் தனியாகத்தான் நடந்தார்கள். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அன்புக்குரியவர்களே, ஏட்டில் பெயர் கிடைக்காதவர்கள் விவிலியத்திலும் இருக்கிறார்கள். எஸ்ரா நூலின் இரண்டாம் அதிகாரம் நாம் யாரும் விரும்பி வாசிக்கும் பகுதியல்ல. பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களின் பெயர்ப்பட்டியல் அது. இந்தக் குடும்பத்தார் இத்தனை பேர், அந்தக் குடும்பத்தார் இத்தனை பேர் என்று போய்க்கொண்டே இருக்கும். நடுவில் ஓரிடத்தில் எழுத்தர் நிறுத்துகிறார். தெலாயா, தோபியா, நெக்கோதா என்பவர்களின் வழிவந்த 652 பேர், தாங்கள் இஸ்ரயேலர்தாம் என்று சான்று காட்ட முடியவில்லை. அடுத்து, குருக்கள் குலம் என்று சொல்லிக்கொண்ட சில குடும்பங்கள் தலைமுறை அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. அவர்களில் ஒரு குடும்பத்தின் முன்னோர் பெண் எடுத்த வீட்டின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டவர். அதனால்கூடக் குழப்பம் வந்திருக்கலாம். இன்று குடும்ப மரம் வரைகிறவர்களுக்கும் இதே தலைவலிதான். ஆளுநர் தீர்ப்புச் சொன்னார்: நீங்கள் குருத்துவப் பணி செய்ய முடியாது, தூய உணவை உண்ணக் கூடாது.

எழுபது ஆண்டு அடிமைத்தனத்துக்குப் பிறகு, பாலைவனம் கடந்து ஊருக்கு வந்து சேர்ந்தவர்களிடம், உங்கள் தாள் எங்கே என்று கேட்கிறார்கள்! ஆளுநரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் சட்டப்படி செய்தார். ஆனால் அந்த 652 பேரையும் எழுத்தர் தம் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. சான்று இல்லை என்று எழுதினார். அவர்களும் வந்தார்கள் என்பதையும் எழுதினார்.

இதோடு எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். நம் ஆண்டவர் யூதா குலத்தில் தோன்றியவர். அந்தக் குலத்திலிருந்து எவரும் பலிபீடத்தில் பணி செய்ததில்லை. அவர் மெல்கிசெதேக்கின் முறைப்படி குரு. அந்த மெல்கிசெதேக்குக்கோ தந்தை பெயர் இல்லை, தாய் பெயர் இல்லை, தலைமுறை வரலாறு இல்லை என்று திருமுகம் சொல்கிறது. அப்படியானால், அந்த ஆளுநரின் மேசை முன்னால் ஆண்டவர் இயேசுவே போய் நின்றிருந்தாலும் அவரைக் குருவாக ஏற்றிருக்க மாட்டார்கள். அவரும் தாள் இல்லாதவர்களின் வரிசையில்தான் நின்றிருப்பார்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், பழைய ஏட்டைக் கேட்டு வருகிறவர்களில் எல்லாரும் இறந்தவர்கள்மேல் உள்ள அன்பினால் வருவதில்லை. சிலருக்கு வேண்டியது வேறு. நாங்கள் எந்த வகையறா, எந்த வழி, ஊரில் யார் முதலில் ஞானஸ்நானம் வாங்கினது, திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று நிரூபிக்கப் பழைய ஏடு வேண்டும். பெண் எடுக்கும் வீட்டின் 'பூர்வீகம்' தெரிய வேண்டும் என்று வருகிறவர்களும் உண்டு. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். பழைய ஏட்டில் பெருமையைத் தேடிப் போகிறவர்கள் அங்கே என்ன கிடைக்கும் என்பதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

திருச்சபையே அப்படி ஒரு நாள் தன் பழைய ஏட்டின்முன் நிற்க வேண்டியிருந்தது. இது அமெரிக்காவில் நடந்தது. அங்கே கணக்கெடுப்பு 1790 முதல் நடக்கிறது. ஆனால் 1850, 1860 ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களைத் திறந்தால், உரிமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே வரிசையாக வயது, ஆணா பெண்ணா, நிறம். அவ்வளவுதான். அடிமைகளுக்குப் பெயர் எழுதவில்லை. மிகச் சில இடங்களைத் தவிர. 1865-இல் அடிமைமுறை ஒழிந்தது. 1870-ஆம் ஆண்டுக் கணக்கில்தான் அந்த மக்களில் மிகப் பெரும்பாலானோரின் பெயர் முதன்முறையாக வருகிறது. தங்கள் முன்னோரைத் தேடும் கறுப்பின அமெரிக்கர்கள் 1870 வரை வருவார்கள். அதற்கு அப்பால் ஒரு சுவரில் முட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார்கள்.

1838-இல் மேரிலாந்து மாநிலத்தின் இயேசு சபையினர் தங்கள் தோட்டங்களில் இருந்த 272 அடிமைகளை 1,15,000 டாலருக்கு விற்றார்கள். ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகள். திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைத்தது. குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது, அவர்கள் தங்கள் மறையைக் கடைப்பிடிக்க வழி வேண்டும், பணத்தைக் கடனுக்குச் செலவிடக் கூடாது என்று உரோமையிலிருந்து சபைத் தலைவர் நிபந்தனை விதித்திருந்தார். அவை காற்றில் போயின. லூயிசியானாவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலில் கொண்டுபோனார்கள்.

விற்றவர்கள் கணக்கில் கறாரானவர்கள். ஆகவே பட்டியல் மிஞ்சியது, பெயரோடு. முதல் பெயர் ஐசக் ஹாக்கின்ஸ், வயது 65. அந்தப் பட்டியலையும், கப்பல் பயணிகள் பதிவையும், கோயில் பதிவேடுகளையும், 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆய்வாளர்களும் குடும்பத்தினரும் ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார்கள். விற்கப்பட்டபோது ஏறக்குறைய 13 வயதாயிருந்த கொர்னேலியஸ் ஹாக்கின்ஸ், லூயிசியானாவில் மரிங்குவின் என்ற சிற்றூரின் கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1902 வரை வாழ்ந்தவர். அவருடைய வழிவந்தவர்கள் அதே ஊரில், அதே கோயிலில் இன்றும் இருக்கிறார்கள். தங்களை விற்றவர்களின் மறையை அவர்கள் கைவிடவில்லை. இதைச் சொல்லும்போது நமக்குப் பெருமையாக இருக்கக் கூடாது. வெட்கமாகத்தான் இருக்க வேண்டும்.

2017 ஏப்ரல் 18 அன்று ஜார்ஜ்டவுனில் நடந்த வழிபாட்டில், அந்த வழிவந்தவர்கள் முன்னிலையில் இயேசு சபையினர் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். பல்கலைக்கழகம் அந்த விற்பனையை நடத்தியவரின் பெயரைத் தாங்கிய கட்டடத்துக்கு ஐசக் ஹாக்கின்ஸின் பெயரைச் சூட்டியது. பழைய ஏட்டை எரித்துவிட்டிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

நம் பக்கம் திரும்புவோம். நம் பழைய பதிவேடுகளிலும் பெயருக்குப் பக்கத்தில் சாதி எழுதியிருக்கும் பக்கங்கள் உண்டு. ஒரே பங்கில் சாதிக்கொரு கல்லறை, நடுவில் ஒரு சுவர் என்று இருந்த ஊர்களை நாம் அறிவோம். சில இடங்களில் அந்தச் சுவர் விழுந்துவிட்டது; சில இடங்களில் நிற்கிறது. இந்த நவம்பரில் சுவருக்கு இந்தப் பக்கம் எரிந்த மெழுகுதிரியின் வெளிச்சம் அந்தப் பக்கம் போயிருக்காது. குடும்ப மரம் வரைகிறவர்கள் அந்தப் பக்கத்தையும் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். இரண்டு பக்கத்துக் கற்களிலும் ஒரே ஞானப்பெயர்களைக் காண்பார்கள். பழைய பதிவேடு ஒழுங்காகக் கிடைத்தால், இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே தொட்டியில், ஒரே குருவானவர் கையால் தண்ணீர் ஊற்றப்பட்டவர்கள் என்பதையும் காண்பார்கள்.

தேட விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏட்டுக்குப் போகும் முன் வீட்டில் இருக்கும் பாட்டியிடம் போங்கள். அந்த ஏடு எந்த நாளும் மூடிவிடலாம். யார் பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்பதோடு நிறுத்தாமல், "ஆச்சி, நீங்க எத்தன புள்ள பெத்தீங்க? எத்தன இருக்கு?" என்றும் கேளுங்கள். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகலாம். அவசரப்படுத்த வேண்டாம். பெயர் வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். எங்கே புதைத்தோம் என்று சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள்.

நம் பங்குகளில் இறந்தோர் பெயர்களை எழுதிப் போடப் பீடத்தின் அருகே ஒரு பெட்டி வைப்பது வழக்கம். இந்த மாதம் முழுவதும் திருப்பலியில் அந்தப் பெயர்கள் வாசிக்கப்படும். பெயர் தெரியவில்லை என்பதற்காகச் சீட்டுப் போடாமல் இருக்க வேண்டாம். தெரிந்ததை எழுதுங்கள். 'தாத்தாவின் முதல் மனைவி' என்று எழுதலாம். 'மூன்றாம் நாள் இறந்த ஆண் குழந்தை', 'மலாயாவுக்குப் போய்த் திரும்பாத சித்தப்பா', 'சுவருக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில், பெயர் அழிந்த கல்' என்றும் எழுதலாம். குருவானவர் அதை அப்படியே வாசிப்பார். பெட்டி நவம்பர் 30 மாலைத் திருப்பலி வரை திறந்திருக்கும்.